வாடையில்லாத தண்ணீர்

“உபதேசியார் தாத்தா, இந்தத் தண்ணிக்கு ஊசி போட்டிருக்காங்களா?”

ரோசரி என்னிடம் அப்படித்தான் கேட்டாள். எட்டு வருஷத்துக்கு முந்தின கோடை அது. அவளுக்கு அப்போது ஐந்து வயது முடியவில்லை. எங்கள் தெருத் தண்ணீர்ப் பந்தலில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். முந்தின வாரம்தான் காய்ச்சலுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். தண்ணீரில் இருந்த பிளீச்சிங் பவுடர் வாடை அவளுக்கு ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தியிருக்கிறது. பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுக் குடிக்காமல் போய்விட்டாள்.

தம்பி அருள்நாதன், நீங்கள் கேட்டது ஒரு பக்கம். “ஐயா, நம்ம தெருவுல அந்தக் காலத்துல நடந்த நல்ல காரியத்தையெல்லாம் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. புதுத் தொட்டி திறப்பு விழா மலர்ல முதல் பக்கமே உங்களுதுதான். உங்களுக்குப் பொன்னாடை போத்துறதா சங்கத்துல முடிவு பண்ணியாச்சு” என்று சொன்னீர்கள். ஒரு பக்கத்தில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

நான் இன்னாசிராஜ். முப்பத்தொரு வருஷம் இந்தப் பங்குக் கோவிலில் உபதேசியாராக இருந்தேன். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது என் வேலை. 1975இல் தெரு நலச் சங்கம் தொடங்கியபோது, நகராட்சியிலிருந்து வரும் அறிவிப்புகளைக் கோவில் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். குழாய்த் தண்ணீர் வரும் நேரம், அம்மை குத்துகிற நாள், வெறிநாய் பிடிக்கிற நாள் எல்லாம் எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். நகராட்சிக்காரர்கள் எழுதுகிற கடுமை என் பலகையில் இருக்காது. “தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்” என்று அவர்கள் முடித்திருந்தால், “அன்புடன் ஒத்துழைப்போம்” என்று நான் முடிப்பேன். ஒரே செய்தியை இனிமையாகவும் சொல்லலாம் என்பது என் நம்பிக்கை.

பாலக்கரைப் பக்கம் அப்போது குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். கோடையில் அதுவும் நூல் மாதிரி வரும். தெருமுனைப் பொதுக்கிணறுதான் கதி. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் கிணற்றோரம் கீற்றுப் பந்தல் போட்டு நான்கு பானை வைத்தோம். அந்தோணியார் திருவிழா வரைக்கும் பந்தல் இருக்கும். தெருக்காரர்கள் மட்டும் இல்லை, ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் மாறப் போகிறவர்கள், சைக்கிளில் வியாபாரம் பார்க்கிறவர்கள் எல்லோரும் குடித்துவிட்டுப் போனார்கள். தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய செபம் இல்லை என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு.

இறைத்து ஊற்ற ஒரு ஆள் வேண்டியிருந்தது. பிச்சமுத்துவை நான்தான் கொண்டுவந்தேன். அவன் அதற்கு முன் சாக்கடை அள்ளும் வேலை பார்த்தவன். சங்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அப்போதைய செயலாளர் தைரியராஜ், மளிகைக்கடைக்காரர், “உபதேசியாரே, நீங்க சொன்னா சரிதான். ஆனா எங்க வீட்டு ஆத்தா குடிக்க மாட்டா” என்றார். முதல் நாள் எல்லோர் முன்னிலையிலும் பிச்சமுத்து கையால் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். பிறகு அதே டம்ளரில் மொண்டு அவனுக்குக் கொடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் நின்றான். அதன்பிறகு அவன் என் பேச்சைத் தட்டியதில்லை. சின்ன அன்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதை நான் பலமுறை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன்.

கிணற்றுக்குப் போட நகராட்சியிலிருந்து வாரம் இரண்டு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் வரும். சாயங்காலம் ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றவேண்டும். விடியும்வரை யாரும் இறைக்கக்கூடாது. ஊற்றியதும் ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் பொறுப்பும் எனக்குத்தான்.

முதல் பத்து நாள் ஒழுங்காக ஊற்றினேன். தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. காப்பி திரிந்துபோகிறது என்றார்கள். சோறு வாடை அடிக்கிறது என்றார்கள். “ஏன் உபதேசியாரே, இது தண்ணிப் பந்தலா, ஆஸ்பத்திரி வராண்டாவா?” என்று தைரியராஜ் கேலி செய்தார். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ரோசரி டம்ளரை வைத்துவிட்டுப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் வெயிலில் குடிக்காமலே வீட்டுக்கு நடந்து போனாள். ஒரு குழந்தையைத் தாகத்தோடு திருப்பி அனுப்புகிற பந்தல் எதற்கு என்று அன்றைக்கு என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை பவுடரை ஊற்றவில்லை. பெரியகடை வீதிக்குப் போய் வெட்டிவேர் வாங்கிவந்து, அலசி, சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி ஒவ்வொரு பானையிலும் போட்டேன். இரண்டு நாளில் தண்ணீர் மணத்தது. தைரியராஜின் ஆத்தா சொம்பு கொடுத்தனுப்பி வாங்கிக் குடித்தாள். ரோசரி ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, “இப்ப நல்லா இருக்கு தாத்தா” என்றாள்.

நோட்டில் கையெழுத்துப் போட்டேன். வந்த பொட்டலங்களை வீணாக்கவோ யாருக்கும் கொடுக்கவோ மனம் வரவில்லை. பொதுச் சொத்து அல்லவா? என் டிரங்குப் பெட்டியில் அடுக்கிவைத்தேன். ஏழு வாரம் போனது. பதினான்கு பொட்டலம், பதினான்கு கையெழுத்து.

பிச்சமுத்துவுக்குத் தெரியும். தினமும் அந்தக் கிணற்றில் வாளி விடுகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? மே கடைசியில் ஒரு கோடை மழை பெய்தது. மறுநாள் காலையில் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அய்யா, சாக்கடை ரொம்பி கெணத்துப் பக்கமாக் கசியுதுங்க. உள்வரிசைக் கல்லுல ஈரம் தெரியுது.”

“மழைத் தண்ணியா இருக்கும்பா.”

“சாக்கடையில எறங்குனவனுக்கு அது தெரியாதுங்களா? அந்த வெள்ளப் பொடிய இன்னைக்காவது ஊத்திருங்கய்யா.”

“கொடியேத்தம் முடியட்டும் பிச்சமுத்து. வெளியூர் ஜனமெல்லாம் வருது. வந்தவங்க வாயில நாத்தத் தண்ணிய ஊத்தலாமா?”

அவன் தலையாட்டினான். என் பேச்சைத் தட்டமாட்டான் என்று சொன்னேனே.

அந்தச் சனிக்கிழமை நகராட்சியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. சுற்றுவட்டாரத்தில் வாந்திபேதி கண்டிருக்கிறது, கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும், பொதுப் பந்தல்களை மூடிவிட வேண்டும் என்று இருந்தது. புதன்கிழமை கொடியேற்றம். மணப்பாறையிலிருந்தும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து வீடெல்லாம் நிறைந்திருந்தது. அந்த முகங்களுக்கு முன்னால் வாந்திபேதி என்ற வார்த்தையை எழுத எனக்கு மனம் வரவில்லை. பலகையில் இப்படி எழுதினேன்: “கோடை காலம். நல்ல நீர் அருந்துவோம், உடல் நலம் காப்போம். திருவிழாவுக்கு வரும் அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்.” நகராட்சித் தாளை மடித்து என் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

ரோசரிக்குத் திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது. மாம்பழச் சூடு என்றார்கள். அவள் அம்மா இருதயமேரி சாயங்காலம் என் வீட்டுக்கு ஓடிவந்து, “உபதேசியாரய்யா, வந்து ஒரு செபம் சொல்லுங்க. புள்ள தண்ணி தண்ணின்னு கேக்குது. குடுத்தா நிக்க மாட்டேங்குது” என்றாள். போனேன். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. கை விரல்கள் வெகுநேரம் துணி துவைத்தவள் விரல் மாதிரி சுருங்கியிருந்தன. பக்கத்தில் செம்பில் இருந்த தண்ணீர் வெட்டிவேர் மணத்தது. நெற்றியில் சிலுவை வரைந்து செபம் சொன்னேன். ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செவ்வாய் விடியும்போது செய்தி வந்தது.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, தெரியாமல் நடந்த பிழை என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் இரக்கமுள்ளவர். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடித்து வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பொட்டலங்கள் இருந்தன. வாளியும் பக்கத்தில் இருந்தது. அரை மணி நேர வேலை. ஊற்றினால் வாடை வரும் என்று யோசித்தேன். வாடை வந்தால், நேற்றுவரை ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் இருதயமேரிக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்தச் சமயத்தில் இன்னொரு பாரம் எதற்கு? பந்தலை மூடினாலும் அதே கேள்விதான் வரும். பெட்டியை மூடி வைத்துவிட்டு முழந்தாளிட்டேன். அன்றைக்கு வெகு உருக்கமாகச் செபித்தேன்.

மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கு மறுநாளும்.

வெள்ளிக்கிழமை நகராட்சி ஆட்கள் வேனில் வந்து, அவர்களே கிணற்றில் மருந்தைக் கொட்டிப் பந்தலையும் பிரித்தார்கள். அதற்குள் ரோசரியோடு சேர்த்து ஏழு பேர். கடைசியாகப் போனது தைரியராஜின் ஆத்தா. இது தெருக்காரர்கள் மட்டும். வழிப்போக்கர்கள் குடித்துவிட்டு எங்கெங்கோ போனார்கள். அவர்கள் எண்ணிக்கை எனக்குத் தெரியாது.

வந்த அதிகாரி நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். தேதி விடாமல் கையெழுத்து இருந்தது. ஒரு கோவில் உபதேசியாரைச் சந்தேகிக்க அவருக்குக் காரணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி அறையில் சங்கம் கூடியது. தைரியராஜ் மொட்டை அடித்திருந்தார். “மருந்து ஒழுங்காப் போட்டிருக்கு. நோட்டு இருக்கு. அப்ப எப்படித்தான் வந்துச்சு?” என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “எறைச்சவன் கையைப் பாருங்க. அவன் எங்கெங்க கையை விட்டவன்?” என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் வேறு காரணம் தேவைப்படவில்லை.

பிச்சமுத்துவை வீட்டிலிருந்து இழுத்துவந்தார்கள். கோவில் வாசலில் வைத்து அடித்தார்கள். இருதயமேரியின் புருஷன் மரக்கட்டையால் காதோடு சேர்த்து ஒரு அடி அடித்தான். பிச்சமுத்து கீழே விழுந்து கிடந்தபடி என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்லவில்லை. அந்த டம்ளரை நினைத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் தோளில் கை வைத்தேன். “அடிக்காதீங்க. தெரியாமப் பண்ணிட்டான். மன்னிச்சு அனுப்பிருங்க” என்றேன். என் வார்த்தைக்குத் தெருவில் மரியாதை இருந்தது. மன்னித்து அனுப்பிவிட்டார்கள்.

பிச்சமுத்து குடும்பத்தோடு துவாக்குடிப் பக்கம் கல் உடைக்கப் போனான். நான் அவர்களைக் கைவிடவில்லை. மாதாமாதம் முதல் வெள்ளி பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போவேன். ரொட்டி, கடலைமிட்டாய், கிறிஸ்துமஸுக்குப் போர்வை என்று கொண்டுபோவேன். அவன் மனைவி மாரியாயி வாசலில் சாக்கு விரிப்பாள். “எல்லாரும் தொரத்துன எடத்துல நீங்க ஒருத்தருதான்யா தேடி வர்றீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?” என்பாள். பிச்சமுத்துவுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. இரண்டாம் வருஷம் கல் தூசி நெஞ்சில் அடைத்துப் படுத்துவிட்டான். கடைசியாக நான் போனபோது மாரியாயியை வெளியே அனுப்பிவிட்டு, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, “நான் யாருக்கும் சொல்லலைங்கய்யா. இவகிட்டகூடச் சொல்லலை” என்றான்.

“தெரியும்பா” என்றேன்.

“ஆண்டி பயலுக்கு மட்டும் ஏதாவது பாத்து விடுங்க.”

“கடவுள் பாத்துக்குவாரு.”

ஆண்டி அவனுடைய ஒரே மகன். இப்போது இருபத்திரண்டு வயது. போன மாதம் நம் தெருப் புதுத் தொட்டிக்கு வால்வு திறந்து மூட ஒரு ஆளைச் சங்கம் சிபாரிசு செய்யலாம் என்று நகராட்சி சொன்னதும், மாரியாயி அவனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவன் வாசலிலேயே நின்றான். தகப்பன் மாதிரியே நிற்கிறான்.

“அய்யா, ஒரே வரி எழுதிக் குடுங்க. இவன் அப்பன் மேல தப்பு இல்லைன்னு. உங்க எழுத்த இந்தத் தெருவே நம்பும். கல்லு உடைச்சு உடைச்சு இவனுக்கும் நெஞ்சுல தூசி அடைக்குதுங்க.”

“அவன் மேல தப்பு இல்லைன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அவரோட நான் பதினாறு வருசம் இருந்தேன்யா. வேற எப்படித் தெரியணும்?”

பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது. “செபிக்கிறேன்மா” என்று சொல்லி, இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். நல்ல டம்ளரில்தான் கொடுத்தேன்.

மறுவாரம் சங்கத்தில் நீங்களே என்னிடம் கேட்டீர்கள், தம்பி. “இந்த ஆண்டிங்கிறவன் அந்தப் பிச்சமுத்து மகனாமே. வேணாம்தானே ஐயா?” என்றீர்கள். “நல்ல பிள்ளைதான். ஆனா, பழசை மறக்காத மனசுங்க தெருவுல இன்னும் இருக்கே” என்று சொன்னேன். இருதயமேரியை நினைத்துத்தான் சொன்னேன். வேலை வேறு ஆளுக்குப் போனது. ஆண்டி துவாக்குடியில்தான் கல் உடைக்கிறான். அவனுக்கும் இப்போது இருமல் இருக்கிறது. முதல் வெள்ளி போகும்போது மருந்து வாங்கிக்கொண்டு போவேன்.

ஆகவே, முறையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ரோசரி என்னால் செத்தாள். மற்ற ஆறு பேரை, தெரிந்தே, பெட்டியை மூடிவைத்து நான் கொன்றேன். பிச்சமுத்து என் பாவத்தைச் சுமந்துகொண்டு செத்தான். அவனுக்கு நான் பட்ட கடன் ஒன்று பாக்கி இருந்தது. அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பொடியை ஊற்றிவிடுங்கள் என்று. அதைச் செய்யாமல் நான் கண்ணை மூடக்கூடாது என்றிருந்தேன்.

தொட்டி வந்துவிட்டதால் திங்கட்கிழமை அந்தக் கிணற்றை மண் போட்டுத் தூர்க்கப்போகிறார்கள் அல்லவா? நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் நற்கருணை ஆசீருக்குக் கோவிலுக்குள் போயிருந்தார்கள். நான் பதினான்கு பொட்டலத்தையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே கொட்டினேன். ஒரு பொட்டலத்துக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொன்னேன். ஒருவரும் பார்க்கவில்லை. விளம்பரம் இல்லாமல் செய்வதுதான் தர்மம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கடன் தீர்ந்தது. வெகுநாளைக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன்.

இதில் எல்லாவற்றையும் மலரில் போடவேண்டாம், தம்பி. யாராவது வாசித்துக்காட்டினால் மாரியாயி மனம் நோவாள். பானையில் வெட்டிவேர் போட்டது வரைக்கும் போடுங்கள், போதும். அது ஒரு பக்கத்துக்குச் சரியாக வரும். ஞாயிற்றுக்கிழமை பொன்னாடைக்கு வருகிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எட்டு வருஷத்தில் பவுடர் கட்டிதட்டிப் போயிருந்தது. கொட்டிய பிறகு வாளி விட்டு ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. ரோசரி இருந்திருந்தால் ஒரு டம்ளர் குடித்திருப்பாள்.